எண்ணிக்கையும் இச்சையும்

மைசூரு அரண்மனைக்கு வடக்கே, நகரின் பழைய பகுதிகளுள் ஒன்றாக விளங்குவது மண்டி மொஹல்லா. மொத்த வியாபாரம் நடைபெறும் இடத்தைக் குறிக்கும் ‘மண்டி’ என்ற சொல் தமிழ் அன்பர்களுக்குப் பழக்கமானதே. ‘மொஹல்லா’ என்பது அரபு மொழியில் தோன்றி உருதுவின் வழியாக நம் நாட்டில் பரவிய சொல். குடியிருப்புப் பகுதி என்பது அதன் பொருள். லஷ்கர் மொஹல்லா, தேவராஜ மொஹல்லா என்று மைசூரின் பழைய பகுதிகள் பலவற்றுக்கும் இவ்வாறே பெயர் வழங்குகிறது. மண்டி மொஹல்லாவில் அக்பர் சாலை உண்டு; கபீர் சாலையும் உண்டு. குறுகிய தெருக்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கீழே கடையும் மேலே குடித்தனமுமாக அமைந்த கட்டடங்கள், இந்துக்களும் இஸ்லாமியரும் அருகருகே நடத்தும் வாழ்க்கை ஆகியவை அப்பகுதியின் இயல்புகள்.

இத்தகைய தெரு ஒன்றில் மாலை வேளையில் நடந்து செல்லும் வெளியூர் அன்பரின் மனத்தில் முதலில் எழும் எண்ணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: ‘எத்தனை ஜனங்கள்! இந்தப் பூமி எவ்வாறு தாங்கும்?’ ஆறுகள் வற்றுகின்றன, காடுகள் சுருங்குகின்றன, காற்று மாசடைகிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் மக்கட்பெருக்கமே என்று பள்ளிப்பருவம் முதல் நாம் கேட்டு வந்திருக்கிறோம். இக்கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொள்பவன் குற்றத்தை எப்போதும் அடுத்த தெருவில்தான் தேடுவான். ஆகவே மைசூரு நகரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஒரு பெருக்கல் கணக்கு

1968-ஆம் ஆண்டு அமெரிக்க உயிரியல் அறிஞர் பால் எர்லிக் ‘மக்கட்தொகை வெடிகுண்டு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். உலகெங்கும் பரபரப்பை உண்டாக்கிய அந்நூல், வெப்பம் மிகுந்த ஓர் இரவில் டெல்லித் தெரு ஒன்றில் வாடகைக் காரில் சென்ற அனுபவத்துடன் தொடங்குகிறது. உண்பவர், உறங்குபவர், கை நீட்டி யாசிப்பவர் என எங்கும் மக்கள், மக்கள், மக்கள்! மக்கட்பெருக்கம் என்றால் என்ன என்பதை அன்றுதான் தாம் உணர்ந்ததாக அவர் எழுதினார். பிற்காலத்தில் இதை ஆராய்ந்தவர்கள் ஒரு செய்தியைச் சுட்டிக்காட்டினர். அன்றைய டெல்லியில் வாழ்ந்தவர்களைவிடப் பாரிஸ் மாநகரப் பகுதியில் வாழ்ந்தவர்கள் பன்மடங்கு அதிகம். எர்லிக் கண்டது எண்ணிக்கையை அன்று; வறுமையை. வீடற்றவர்கள் தெருவில் இருப்பதால் கண்ணில் படுகிறார்கள். வசதி படைத்தவர்கள் சுவர்களுக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

அதே எர்லிக், ஜான் ஹோல்டிரன் என்ற அறிஞருடன் இணைந்து 1971-இல் முன்வைத்த கருத்திலிருந்து ஒரு சூத்திரம் உருவாயிற்று. மனிதரால் இயற்கைக்கு ஏற்படும் பாதிப்பு என்பது மூன்று எண்களின் பெருக்குத்தொகை. முதலாவது மக்களின் எண்ணிக்கை. இரண்டாவது ஒவ்வொருவரும் நுகரும் அளவு. மூன்றாவது அந்த நுகர்பொருளை உண்டாக்கும் தொழில்நுட்பம் விளைக்கும் கேடு. பெருக்கல் கணக்கில் ஓர் எண் பாதியாகும்போது மற்றோர் எண் மும்மடங்கானால் விடை குறையாது, கூடவே செய்யும். சிறுவர்களும் அறிந்த இந்த விதியை நாம் இவ்விஷயத்தில் மறந்துவிடுகிறோம். முதல் எண்ணைப் பற்றி நூறாண்டுகளாகப் பேசி வந்திருக்கிறோம். இரண்டாவது எண் நம் வீட்டுக்குள் இருப்பதால் அதைப் பற்றிப் பேசுவதற்குத் தயங்குகிறோம்.

1930-ஆம் ஆண்டு ஆணை

முதல் எண்ணைப் பொறுத்தவரை மைசூருக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. 1901 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கட்தொகை 68,111. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1898-இல், பிளேக் நோய் பரவி நெருக்கமான தெருக்களில் பெரும் சேதத்தை விளைவித்திருந்தது. அதன் விளைவாக 1903-இல் நகர மேம்பாட்டுக்கென ஒரு வாரியம் அமைக்கப்பட்டு, தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன. புதிய குடியிருப்புகள் தோன்றின. நெருக்கம் நோயைத் தருகிறது என்ற பாடத்தை மைசூரு துயரத்தின் வழியாகக் கற்றது.

இந்தப் பின்னணியில்தான் 1930 ஜூன் மாதத்தில் மைசூரு சமஸ்தான அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பெங்களூரு, மைசூரு நகரங்களின் அரசு மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட வேண்டும் என்பதே அது. ஓர் அரசாங்கமே முன்வந்து இத்தகைய நிலையங்களைத் திறந்தது உலகில் இதுவே முதல்முறை என்று மக்கட்தொகை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அப்போது அரியணையில் இருந்தவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். திவானாக இருந்தவர் சர் மிர்சா இஸ்மாயில். அரசர் பக்தியில் தோய்ந்த இந்து; திவான் இஸ்லாமியர். இன்று மக்கட்தொகையைப் பற்றிச் சமயத்தின் பெயரால் வாதிடுவோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது. மண்டி மொஹல்லாவிலிருந்து நடந்து சென்றுவிடும் தூரத்திலேயே கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனையும் பெண்களுக்கான செலுவாம்பா மருத்துவமனையும் இன்றும் இயங்கி வருகின்றன.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1935 டிசம்பரில், வார்தாவில் ஒரு புகழ்பெற்ற உரையாடல் நிகழ்ந்தது. கருத்தடை இயக்கத்தின் தலைவியான அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கர் காந்தியடிகளைச் சந்தித்தார். குடும்பம் அளவோடு இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, வழியில்தான் வேறுபாடு. சாதனங்களைப் பெண்களின் கையில் கொடுங்கள் என்றார் சாங்கர். புலனடக்கத்தைத் தவிர வேறு எதுவும் மனிதனை உயர்த்தாது என்பது காந்தியடிகளின் உறுதி. இருவரும் உடன்பாடின்றியே பிரிந்தனர்.

சுதந்திரத்திற்குப் பின் 1952-இல், உலகிலேயே முதன்முறையாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது இந்தியா. காந்தியடிகளின் வழிவந்த சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் சாதனங்களை விரும்பவில்லை. ஆகவே மாதத்தில் சில நாட்களைத் தவிர்க்கும் முறை டெல்லியின் லோதி காலனியிலும் மைசூரு மாநிலத்தின் ராமநகரத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்டது. நாட்களை நினைவில் வைப்பதற்காகப் பெண்களுக்கு வண்ண மணிகள் கோத்த மாலைகள் வழங்கப்பட்டன. சோதனை வெற்றி பெறவில்லை. மணிகளை எண்ணுவது பெண்ணின் பொறுப்பாயிற்று. அடக்கம் காக்க வேண்டிய ஆடவனுக்கு மணிமாலை எதுவும் தரப்படவில்லை! பின்னர் 1976–77-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதில் வற்புறுத்தல் எவ்வளவு இருந்தது என்பதை நாடு அறியும். அச்சுறுத்தியும் மாலை கொடுத்தும் நிகழாதது, பெண் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றதாலும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்க்கு ஏற்பட்டதாலும், திருமண வயது உயர்ந்ததாலும் ஓசையின்றி நிகழ்ந்தது.

குறைந்தது எது, வளர்ந்தது எது?

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்பர். இது 2.1 என்ற அளவில் இருந்தால் ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறை ஈடு செய்யும். 2019–21-இல் நடைபெற்ற ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவின் கருவள விகிதம் 2.0, தமிழ்நாட்டில் 1.8, கர்நாடகத்தில் 1.7. அதாவது ஈட்டு அளவுக்கும் கீழே வந்துவிட்டோம். தென் மாநிலங்களில் குழந்தைகள் குறைகிறார்களே என்ற கவலைப் பேச்சு 2024-இல் பொதுமேடைகளிலும் எழுந்தது.

‘நாங்கள் குறைத்துக்கொண்டோம், அவர்கள்தாம் பெருகுகிறார்கள்’ என்று சில அன்பர்கள் சொல்வதுண்டு. மண்டி மொஹல்லா போன்ற பகுதிகளைச் சுட்டிக்காட்டியே இவ்வாறு பேசப்படுகிறது. இதே ஆய்வுகள் கூறுவதைக் கேட்போம். 1992–93-இல் இந்தியாவில் இஸ்லாமியப் பெண்களின் கருவள விகிதம் 4.4, 2019–21-இல் 2.4. இதே காலத்தில் இந்துப் பெண்களின் விகிதம் 3.3-லிருந்து 1.9-க்கு இறங்கியது. அதிக வேகமாக இறங்கியிருப்பது முன்னதே. எங்கெல்லாம் பெண் கல்வி பரவியதோ அங்கெல்லாம், எச்சமயத்தவராயினும், விகிதம் இறங்கியிருக்கிறது. சத்தியத்தை நாடுவோர் பிறரைப் பற்றிப் பேசும்போது இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

மக்கட்தொகை உடனே குறைந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. இளைஞர்கள் மிகுந்த நாடாதலால் நம் எண்ணிக்கை இன்னும் சில பத்தாண்டுகள் ஏறும். 2060-களில் ஏறத்தாழ 170 கோடியை எட்டி, அதன்பின் இறங்கும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீடு கூறுகிறது. ஓடும் ரயிலுக்குத் தடை போட்டாலும் சற்றுத் தூரம் சென்றே நிற்பதைப் போன்றது இது. ஆயினும் தடை விழுந்துவிட்டது.

இரண்டாவது எண்ணின் நிலை என்ன? மின்சாரத்தைப் பார்ப்போம். 1947-இல் ஓர் இந்தியர் ஆண்டொன்றுக்குப் பயன்படுத்திய மின்சாரம் சராசரியாக 16 யூனிட். இன்று அது 1,300 யூனிட்டுக்கும் மேல். இந்த இடைவெளியில் மக்கட்தொகை நான்கு மடங்கிற்குச் சற்று மேல் ஆகியிருக்கிறது; தனிநபரின் மின் நுகர்வோ எண்பது மடங்கு! இந்த வளர்ச்சி முழுவதையும் பேராசை என்று சொல்வது அநியாயம். குடிசையில் எரியும் விளக்கு, வயலில் ஓடும் பம்ப், மருத்துவமனையின் குளிர்பதனப் பெட்டி ஆகியவை மனிதனின் கண்ணியத்துக்கு வேண்டியவை. விளக்கில்லாத வீட்டுக்குச் சென்று எளிமையைப் போதிக்கத் துறவிக்கும் உரிமை கிடையாது. அன்றியும், சராசரி என்பது மறைக்கும் திரையும் ஆகும். ஒரு மின்விசிறி மட்டும் உள்ள வீடும் மூன்று குளிர்சாதனங்கள் உள்ள வீடும் அதில் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன.

இனி ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1950-இல் பாட்டனார் காலத்தில் அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள் உட்படப் பத்துப் பேர். கிணற்றிலிருந்தோ தெருக்குழாயிலிருந்தோ குடத்தில் சுமந்து வந்த நீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று கொண்டால் மொத்தம் 400 லிட்டர். இன்று பேரனின் வீட்டில் கணவன், மனைவி, ஒரு குழந்தை. கழிவுநீர் வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் திட்ட அளவு. மூவருக்கு 405 லிட்டர்! பத்துப் பேர் மூவராகக் குறைந்தும் நீரின் அளவு குறையவில்லை. கார் கழுவுவதும், ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும் சுத்திகரிப்புக் கருவியும் இக்கணக்கில் சேரவில்லை. ‘அளவான குடும்பம்’ என்று பெருமிதம் கொள்ளும் நாம் குடும்பத்தைத்தான் அளவாக்கியிருக்கிறோம்.

குடும்பங்கள் சிறுக்கும்போது வீடுகள் பெருகுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. பத்துப் பேருக்கு ஓர் அடுப்பு எரிந்தது போய், மூவருக்கு ஓர் அடுப்பு, ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு வாகனம் என்றாகிறது. இந்தக் கோணத்தில் மண்டி மொஹல்லாவைத் திரும்பிப் பாருங்கள். கடைக்கு நடந்தே செல்லலாம்; பக்கத்து வீட்டுச் சுவரே நம் சுவர்; தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் நிலமும் சாலையும் குழாயும் மிகக் குறைவாகவே தேவைப்படுகின்றன. நகரின் விளிம்பில் விளைநிலங்களை மனைகளாக்கிப் பரவும் புதிய குடியிருப்புகளில் தெருக்கள் அகலமாக, அமைதியாக இருக்கின்றன. அங்கே செல்பவர் எவரும் ‘பூமி எவ்வாறு தாங்கும்?’ என்று கேட்பதில்லை. பழைய தெருக்களில் காற்றோட்டமும் வடிகாலும் போதாமை உண்மை. நெருக்கத்தைப் புனிதமாக்க நான் முயலவில்லை. கண்ணுக்குத் தெரியும் கூட்டம் வேறு, பூமியின் மீது விழும் பாரம் வேறு என்பதே இங்குச் சொல்ல வந்தது.

வியாசர் காட்டும் ஐந்து குறைகள்

‘நுகர்வு’ என்ற சொல் தமிழில் முன்பு அனுபவித்தல் என்ற பொருளிலேயே வழங்கியது. மலரின் மணத்தை நுகர்கிறோம். அதனால் மலர் குறைந்துபோவதில்லை. இன்று பொருளாதார நூல்களில் இச்சொல்லை நாம் எந்த ஆங்கிலச் சொல்லுக்கு நிகராக வைத்திருக்கிறோமோ, அந்தச் சொல்லுக்கு அழித்தல், தின்று தீர்த்தல் என்ற பொருளும் உண்டு. காசநோய்க்கும் அம்மொழியில் ஒரு காலத்தில் அதே பெயர்தான். வடமொழியில் அந்நோய்க்கு ‘க்ஷயம்’ என்று பெயர். மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டவனுக்கு இத்தகைய ஒற்றுமைகள் வியப்பளிக்கின்றன. காரணம், பொருள் சேர்ப்பதைப் பற்றி யோக நூல் பேசும் இடத்திலும் ‘க்ஷயம்’ என்ற அதே சொல் வருகிறது.

பதஞ்சலி முனிவர் கூறும் யமங்களில் ஐந்தாவது அபரிக்ரஹம். இச்சொல்லைப் ‘பிறர் பொருளை ஏலாமை’ என்று பெயர்ப்பதா, ‘பொருளைக் குவிக்காமை’ என்று பெயர்ப்பதா என்ற தயக்கம் தமிழில் எழுதுவோருக்கு எப்போதும் உண்டு. வியாசரின் பாஷ்யம் இத்தயக்கத்தைத் தீர்த்து வைக்கிறது. பொருள்களை ஈட்டுவதில் ஒரு குறை, காப்பதில் ஒரு குறை, அவை தேய்ந்து அழிவதில் ஒரு குறை, அவற்றின் மேல் பற்று விளைவதில் ஒரு குறை, அவற்றால் பிற உயிர்களுக்குத் துன்பம் நேர்வதில் ஒரு குறை என்று ஐந்தையும் கண்டு, அவற்றை ஏற்காமல் விடுவதே அபரிக்ரஹம் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். அர்ஜனம், ரக்ஷணம், க்ஷயம், ஸங்கம், ஹிம்ஸை என்பன அவர் தரும் சொற்கள்.

முதல் இரண்டையும் நான்காவதையும் நம் ஆன்மிக நூல்கள் விரிவாகவே எடுத்துரைத்துள்ளன. ஈட்டுவதன் களைப்பும், காப்பதன் கவலையும், பற்றின் கட்டும் சாதகனைப் பாதிப்பவை. ஆகவே சாதகனுக்குச் சொல்லப்பட்டன. இன்றைய காலம் உற்றுநோக்க வேண்டியவை மூன்றாவதும் ஐந்தாவதும். இவை பிறரைப் பாதிப்பவை.

பொருள் தேய்ந்தபின் எங்கே செல்கிறது? மைசூரின் தெற்கே வித்யாரண்யபுரத்தில் ‘சீவேஜ் ஃபார்ம்’ என்று ஊரார் அழைக்கும் இடம் உண்டு. நகரம் கழித்துப் போட்ட குப்பை ஆண்டாண்டுகளாக அங்கே குவிந்து, லட்சக்கணக்கான டன் எடையுள்ள மேடாயிற்று. மத்திய அரசின் தூய்மைப் பட்டியல்களில் 2015-இலும் 2016-இலும் நாட்டிலேயே முதலிடம் பெற்ற நகரம் மைசூரு. அந்தப் பாராட்டு பொய்யன்று. தெருக்கள் தூய்மையாகவே இருந்தன. ஆனால் அந்த மேடும் அப்போது அங்கேயே இருந்தது. அதன் அருகில் வாழ்ந்தோர் துர்நாற்றத்தையும், அவ்வப்போது தீப்பற்றி எழும் புகையையும் சகித்தனர். நம் வீட்டுப் பொருளின் க்ஷயம் வேறொருவர் வீட்டு மூச்சில் ஹிம்ஸையாக முடிகிறது. வியாசர் மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒரே வரிசையில் வைத்ததன் ஆழம் இங்கே விளங்குகிறது.

காந்தியடிகளும் சாங்கரும் வாதிட்ட புலனடக்கத்தின் கதியையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைப்பேற்றைப் பொறுத்தவரை சாங்கர் சொன்ன வழியே வென்றது, எண்ணிக்கை குறைந்தது. அதற்காகப் பெண்கள் அடைந்த விடுதலையை நான் குறைத்துக் கூறமாட்டேன். ஆயின் எட்டுப் பிள்ளைகளின் இடத்தில் ஒரு பிள்ளை வந்த பிறகு, மீதமிருந்த இடத்தைப் பொருள்கள் வந்து நிரப்பின. பொருளாசைக்குக் கருத்தடைச் சாதனம் எந்த மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. காந்தியடிகள் பள்ளியறையில் வேண்டிய அடக்கம் இன்று கடைத்தெருவில் தேவைப்படுகிறது. வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு; நூறு கோடி வயிறுகளுக்கும் ஓர் அளவைக் கணக்கிட்டுவிடலாம். ஆசைக்கு அவ்வாறு கணக்கிட இயலாது. திருவள்ளுவர் ‘அவா அறுத்தல்’ என்று தனி அதிகாரமே வகுத்தது துறவறவியலில்தான் என்றாலும், இல்லறத்தாருக்கும் அது விலக்கன்று.

குழாயில் தெரியாத நீர்

மைசூருக்குக் காவிரி நீர் கிருஷ்ணராஜ சாகர் பக்கத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கப்பட்டு வருகிறது. கபினி நீரும் வருகிறது. அணையின் பணி 1911-இல் தொடங்கி 1930-களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. பொறியாளர் விசுவேசுவரய்யாவின் பெயரோடு அது என்றும் இணைந்திருக்கும். முற்காலத்தில் நகரம் தன் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்தது. அவ்வேரிகளுள் ஒன்றின் பெயர் தொட்டகெரே. ‘பெரிய ஏரி’ என்று பொருள். இன்று அது தொட்டகெரே மைதானம். ஆண்டுதோறும் தசராப் பொருட்காட்சி நடைபெறுவது அங்கேதான். நீர் நின்ற இடத்தில் பொருள்கள் நிற்கின்றன.

2011 கணக்கெடுப்பில் நகரின் மக்கள் ஏறத்தாழ 9 லட்சம்; 1901-ஐப் போல் 13 மடங்கு. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கோடி லிட்டர். ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. இதே நாட்டின் கிராமத்தில் வாழ்பவருக்கு 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வகுத்த அளவு 55 லிட்டர் என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் இந்த ஒன்றரை டி.எம்.சி., காவிரியின் மொத்தக் கணக்கில் மிகச் சிறியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கர்நாடகத்தின் பங்கு 284.75 டி.எம்.சி.; தமிழகத்தின் பங்கு 404.25 டி.எம்.சி. பெங்களூரு நகரின் தேவைக்கென அத்தீர்ப்பு கூடுதலாக ஒதுக்கியது 4.75 டி.எம்.சி. மட்டுமே. எஞ்சிய நீரில் பெரும்பகுதி எங்கே செல்கிறது? மண்டியா வட்டாரத்தின் கரும்புக்கும், இரு மாநிலங்களின் நெல்லுக்கும் செல்கிறது. அந்நீர் நம் வீட்டுக்குக் குழாய் வழியாக வருவதில்லை, மூட்டையில் வருகிறது.

ஒரு கிலோ அரிசி நம் கைக்கு வந்து சேர உலக சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது என்று நீர்த்தடம் பற்றி ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஒரு பருத்திச் சட்டைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. அவ்வாறெனில் எந்த ஊர் மண்டியிலும் இறங்கும் ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்று 1,25,000 லிட்டர் நீரின் திரட்சி. நூறு கிராம் அரிசியின் சோற்றை இலையில் ஒதுக்கிவிட்டு எழுந்தால் 250 லிட்டர் நீரைக் கொட்டிவிட்டு எழுகிறோம். நகரவாசி ஒருவரின் இரண்டு நாள் நீருக்குச் சற்றே குறைவு. கல்யாண மண்டபங்களின் பின்புறம் மடித்துக் கிடக்கும் இலைகளைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டுவதில்லை. கைகழுவும் குழாயை மூடச் சொல்லி அங்கே அறிவிப்பு எழுதி வைத்திருப்பார்கள்! ‘அன்னம்’ என்பதைப் பிரம்மமாகக் காணச் சொன்ன உபநிடத மரபு நம்முடையது. வேள்விச் சக்கரத்தைப் பற்றிப் பேசும் கீதையின் மூன்றாம் அத்தியாயம், திருப்பித் தராமல் உண்பவனை எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதை அன்பர்கள் நூலை எடுத்துப் பார்க்கலாம்.

சத்சங்கங்களிலும் படிப்பு வட்டங்களிலும் இப்பாடத்தை எடுத்துக்கொள்வோருக்கு ஒரு சிறு பயிற்சி. ஒரு மாத காலம் ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு குறிப்பேட்டில் மூன்று கணக்குகளை மட்டும் எழுதி வரலாம். முதலாவது, நீர்மானி உள்ள வீடுகளில் அதன் அளவு. இல்லாத வீடுகளில் மேல்நிலைத் தொட்டி எத்தனை முறை நிரப்பப்பட்டது என்பது. இரண்டாவது, மின்கட்டணச் சீட்டிலுள்ள யூனிட்டை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகை. மூன்றாவது, சமைத்தபின் எறியப்பட்ட சோற்றின் அளவு. மூன்றாவதை இரவில் பாத்திரம் கழுவுவதற்கு முன் ஒரு படியால் அளந்துவிட வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் அளவு குறைந்துவிடுகிறது. கணக்கைப் பிறருக்குக் காட்ட வேண்டியதில்லை. சமையல் செய்பவர் மட்டுமின்றி, வீட்டிலுள்ள ஆடவர்களும் முறைவைத்து அளப்பது நலம். ராமநகரத்தில் மணிமாலை ஒருவர் கையில் மட்டும் கொடுக்கப்பட்டதை முன்பே பார்த்தோம்.